பத்து மணி டீயும் ஆள்வீத உற்பத்தியும்

ஓய்வு பெற்றவனிடம் சின்ன வயசுக்காரர்கள் அனுபவம் கேட்பது ஒரு மரியாதைக்காக. அதை நம்பி அவன் நிஜமாகவே சொல்லத் தொடங்கிவிடுவதுதான் ஆபத்து. எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன மாதம் போன் செய்தாள். "சார், இப்பல்லாம் கம்பெனிக்காரங்களே ஆன்லைன்ல நிரப்பி அனுப்பிடறாங்க. நாங்க ஃபேக்டரி வாசலைக்கூட பாக்குறதில்ல. அந்தக் காலத்துல நீங்க எதுக்கு சார் நேர்ல போனீங்க?" என்று கேட்டாள்.

"டீ குடிக்க" என்றேன்.

சிரித்தாள். பெரியவர் தமாஷ் பேர்வழி என்று நினைத்திருப்பாள். நான் தமாஷே பண்ணவில்லை. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

என் உத்தியோகம் அரசாங்கப் புள்ளிவிவரத் துறையில், காஞ்சிபுரம் கிளையில். தொழிற்சாலைகளுக்குப் போய், வருடத்துக்கு ஒரு முறை, எத்தனை பேர் வேலை செய்தார்கள், என்ன வாங்கினார்கள், என்ன செய்து விற்றார்கள் என்று படிவத்தில் எழுதி வாங்கி வரவேண்டும். நாடு முழுக்க என்னைப் போன்றவர்கள் வாங்கி வந்ததையெல்லாம் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்தால், இந்த தேசத்தில் ஒரு தொழிலாளி வருடத்துக்கு எவ்வளவு உற்பத்தி செய்கிறார் என்று ஒரு எண் வரும். அந்த எண் ஏறினால் நாடு முன்னேறுகிறது. இறங்கினால் தொழிலாளி சோம்பேறி. ஏறினால் மட்டும் ஏன் தொழிலாளி சுறுசுறுப்பு என்று யாரும் சொல்வதில்லை என்பது எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, தெரியாவிட்டால் 'பொருந்தாது' என்று எழுதலாம் என்று கற்றேன். பிறகு பல கல்யாண விசாரிப்புகளுக்கும் அந்தப் பதில் உதவியது.

தொண்ணூற்றொன்றில் என் எல்லை சுங்குவார்சத்திரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை, நடுவே ஸ்ரீபெரும்புதூர், பக்கவாட்டில் ஒரகடம். இன்றைக்கு அந்தச் சாலையில் கம்பெனி இல்லாத இடத்தைத் தேட வேண்டும். அன்றைக்குக் கம்பெனியைத் தேட வேண்டும். ஒரகடம் என்றால் ஏரி, வேர்க்கடலைக் கொல்லை, நடுவில் என் மொபெட். கொல்லையில் நின்றவர்கள் என்னை நில புரோக்கர் என்று நினைத்து விலை கேட்பார்கள். எனக்கு அந்தப் புத்தி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய நிலைமையே வந்திருக்காது.

எங்கள் கிளைக்கு மேலதிகாரி ஞானப்பிரகாசம் சார். பாளையங்கோட்டைக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, எப்போதும் கசங்காதது. அவருக்கு ஒரு பழக்கம்: எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் மேனேஜர் அறைக்குள் முதலில் நுழைய மாட்டார். நேராகக் கேன்டீனுக்குப் போவார். அதுவும் காலை டீ நேரம் பார்த்துப் போவார். பாய்லர் பக்கத்தில் நின்று, "இன்னைக்கு எத்தனை டீ வே?" என்று கேட்பார். கேன்டீன்காரர் சொல்லும் எண்ணை எங்கும் எழுத மாட்டார். சட்டைப் பையில் பேனா இருக்கும், எடுக்க மாட்டார். மனதில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் டைம் ஆபீசுக்குப் போய் மஸ்டரைக் கேட்பார்.

மஸ்டர் என்பது வருகைப் பதிவு. அதில் கம்பெனியின் சொந்தத் தொழிலாளிகள் பெயர் இருக்கும். கான்ட்ராக்டர் அனுப்பும் ஆட்கள், அதாவது மூட்டை ஏற்றுகிறவர்கள், பெட்டியில் அடைக்கிறவர்கள், துடைக்கிறவர்கள் எல்லாம், பல இடங்களில் கான்ட்ராக்டரின் தலையில்தான் இருப்பார்கள். எங்கள் படிவமோ நேரடி ஆள், கான்ட்ராக்ட் ஆள் இருவரையும் சேர்த்துத்தான் கேட்கும். கேட்பது சுலபம். கிடைப்பது?

"மஸ்டர்ல பேர் இல்லாதவனுக்கும் தொண்டை இருக்குல்லா?" என்பார் ஞானப்பிரகாசம் சார். "பத்து மணிக்கு அவனுக்கும் வறளும். படிவம் சொல்லுத தலையும் பாய்லர் சொல்லுத தொண்டையும் ஒண்ணா இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

இதைப் பொருளாதாரப் பேராசிரியர்கள் யாரும் எழுதவில்லை. எழுதியவற்றையெல்லாம் நான் படித்திருக்கிறேன். சாயங்காலம் வேறு வேலை இல்லாதவன் நான்.

ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, பிள்ளைப்பாக்கம் பக்கமாக, ஃபேன் மோட்டார் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி, மோட்டாராகக் கோத்து, ஃபேன் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பெண்கள். அங்கே டைம் ஆபீஸ் பார்த்தவர் வேதாசலம். நல்ல மனுஷர், ஆனால் கான்ட்ராக்ட் ஆட்களை எண்ணச் சொன்னால் என்னமோ நான் அவரிடம் நிலத்தைக் கேட்ட மாதிரி முகம் சுண்டிப்போவார்.

"இன்னா சார், லோடுமேனு, கேன்டீன் பசங்க, தோட்டக்காரன் அல்லாத்தையும் சேக்க சொல்றீங்க. அவுங்க நம்ம ஆளே கெடையாது."

"அவங்க இல்லேன்னா மோட்டார் வெளியே போகுமா?"

"போவாது."

"அப்ப சேருங்க."

வருடா வருடம் இந்த உரையாடல் நடக்கும். வருடா வருடம் அவர் முனகிக்கொண்டே சேர்ப்பார். இருநூற்று நாற்பது பேர். மஸ்டரில் இருப்பவர்கள், இல்லாதவர்கள், கேன்டீன், தோட்டம், எல்லாம். எங்கள் எல்லையிலேயே சுத்தமான கணக்கு அந்தத் தொழிற்சாலையுடையதுதான் என்று எனக்கு ஒரு பெருமை. அது என்னால் வந்தது என்று இன்னொரு பெருமை.

அங்கே காயில் செக்ஷனில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். சங்கத்தின் துணைச் செயலாளர். நான் முதல்முறை கையில் பையோடு செக்ஷனைச் சுற்றிப் பார்க்கப் போனபோதே மறித்துவிட்டாள்.

"இன்னா சார் அளக்கறீங்க?"

"ஒருத்தர் எவ்வளவு வேலை செய்றார்னு."

"நான் காலைலேர்ந்து காயில் சுத்திக்கினு கீறேன். நீங்க இன்னா சுத்துறீங்க?"

"ஊர்தாம்மா சுத்துறேன்."

செக்ஷனே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அதுக்கும் சம்பளம் தராங்களா? நல்லாத்தான் கீது. கணக்கு சாருக்கு யாராச்சும் ஒரு ஸ்டூலு போடுங்கடி" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அங்கே பெயர் கணக்கு சார். என்னுடைய ஆள்வீத உற்பத்தி பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் இவ்வளவு நேரடியாகக் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதுண்டு. பதில், 'பொருந்தாது'.

அந்தத் தொழிற்சாலையின் டீ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அங்கே கம்பெனி ஆளுக்குப் பீங்கான் கப், கான்ட்ராக்ட் ஆளுக்கு அலுமினிய டம்ளர். அந்தக் காலத்தில் பல தொழிற்சாலைகளில் இதுதான் வழக்கம். ஸ்டெல்லாவின் தம்பி அங்கேயே கான்ட்ராக்டில் லோடுமேன். ஒரே வீட்டிலிருந்து ஒரே சைக்கிளில் வந்து, அக்கா கப்பிலும் தம்பி டம்ளரிலும் குடிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. காயில் செக்ஷன் முழுவதையும் டீ குடிக்காமல் நிறுத்திவைத்தாள். கடைசியில் நிர்வாகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் வாங்கியது. ஞானப்பிரகாசம் சார் இதைக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்ல காரியம் செஞ்சா அந்தப் புள்ள. மத்த ஊர்லல்லாம் இன்னும் ரெண்டு தினுசுதான். கெட்ட பழக்கம். ஆனா எண்ணுததுக்கு வசதி" என்றார். அவர் அப்படித்தான். அநியாயத்தைத் திட்டுவார், அதிலிருந்து ஒரு தகவலையும் எடுத்துக்கொள்வார்.

தொண்ணூற்றொன்று ஜூலையில் ரூபாயின் மதிப்பை இறக்கினார்கள். செம்புக் கம்பி விலை எகிறியது. பல கம்பெனிகள் எதை மூடலாம் என்று யோசிக்க ஆரம்பித்த நேரம். ஒரு நாள் வேதாசலம் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டார். வழக்கமாக நான்தான் அவரைத் தேடிப் போவேன்.

"சார், நீங்க எண்ணச் சொன்னீங்க, எண்ணினேன். இப்ப எண்ணினதுக்கே வேலை போவுது."

விஷயம் இதுதான். கம்பெனிக்கு ஓசூரில் இன்னொரு யூனிட் உண்டு. இரண்டும் ஒரே மோட்டார் செய்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் முடிவெடுத்தது. எதை என்று தீர்மானிக்க கோபிநாத் என்ற இளம் அதிகாரியை நியமித்தார்கள். அவர் ஸ்ரீபெரும்புதூரின் ஆள் எண்ணிக்கையைத் தேடினார். வேதாசலம் எங்களுக்குக் கொடுத்த படிவத்தின் நகல் ஹெட் ஆபீசில் இருந்தது. இருநூற்று நாற்பது பேர். நாளைக்கு ஆயிரத்து இருநூறு மோட்டார். ஆளுக்கு ஐந்து. ஓசூர் மேனேஜர் அனுப்பிய மாத அறிக்கையில் நூறு பேர், ஆயிரம் மோட்டார். ஆளுக்குப் பத்து. ஓசூர்க்காரன் இவர்களைவிட இரண்டு மடங்கு உழைக்கிறான் என்று ஆகிவிட்டது. தீபாவளி முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரை மூடி, மெஷின்களை லாரியில் ஏற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முன் கோபிநாத் ஒரு முறை நேரில் வந்து பார்ப்பாராம்.

ஓசூர் அறிக்கையில் கான்ட்ராக்ட் ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்று எனக்கு உடனே தோன்றியது. ஒரு பக்கம் எல்லோரையும் எண்ணி வகுத்திருக்கிறார்கள், மறுபக்கம் மஸ்டரை மட்டும் எண்ணி வகுத்திருக்கிறார்கள். வேதாசலம் அலட்சியமாக எண்ணியிருந்தால் இந்த ஆபத்தே வந்திருக்காது. என் ஒழுங்கால் இருநூற்று நாற்பது பேர் தெருவுக்கு வரப்போகிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் வேலைக்கு ஒரு விளைவு உண்டாகியிருந்தது. அது இப்படி.

"ஸ்டெல்லா இன்னா சொல்லுது தெரியுமா சார்?" என்றார் வேதாசலம். "கணக்கு சார் சுத்தினது போதும், இப்ப நம்மள சுத்தி விட்டுட்டாருன்னு சொல்லுது."

ஓசூர் யூனிட்டும் எங்கள் துறைக்குப் படிவம் கொடுத்திருக்கும். அதில் கான்ட்ராக்ட் ஆட்களோடு சேர்த்து நிஜ எண்ணிக்கை இருக்கும். அந்தப் பக்கத்துக் கிளையில் என் நண்பன் ஒருவன் இருந்தான். ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவான். ஞானப்பிரகாசம் சாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி தின்றுகொண்டிருந்தார். கையை நிறுத்தினார்.

"தொடக் கூடாது. ஒருத்தன் கொடுத்த கணக்கை இன்னொருத்தன்கிட்ட காட்ட மாட்டோம்னு சத்தியம் பண்ணித்தான் வாங்குதோம். நல்ல காரியத்துக்குன்னு ஒரு தடவை அதைத் திறந்தா, அடுத்த வருசம் எவனும் நமக்கு உண்மை சொல்ல மாட்டான்."

"அப்ப இருநூத்தி நாப்பது பேர் சார்?"

"பதறாதேயும் வே. முதல்ல கணக்கு எங்க கோணலாருக்குன்னு பாப்போம். இந்தக் கடையில மாவு இங்கேயே ஆட்டுதான். ஆறு பேரு. எதிர்க் கடையில மாவு வெளிய வாங்கி ஊத்துதான். மூணு பேரு. ரெண்டு கடையிலயும் அதே அளவு இட்லி. எதிர்க் கடைக்காரன் ரெட்டிப்பு உழைப்பாளின்னு சொல்லுவீராக்கும்?"

"மாட்டேன் சார். மாவு ஆட்டினவங்க வேற எங்கேயோ இருக்காங்க."

"அவ்வளவுதான். இட்லியை எண்ணினா போதாது. மாவுக்குக் கொடுத்த காசைக் கழிச்சிட்டு, இந்தக் கடை தன் கையால எவ்வளவு கூட்டிச்சுன்னு பாக்கணும். அப்புறம் பாத்திரம் கழுவுதவன்வரை தலையை எண்ணி வகுக்கணும். நாட்டுக்கும் இதே கணக்குதான், இட்லிக்கும் இதே கணக்குதான்." மறுபடி கையை இட்லிக்குக் கொண்டு போனார். "அந்த கோபிநாத் எப்போ வாரான்?"

வேதாசலத்திடம் கேட்டேன், நாள் சொன்னார். ஞானப்பிரகாசம் சார் அதே நாளுக்கு, அதே தொழிற்சாலைக்கு, படிவச் சரிபார்ப்பு என்று நோட்டீஸ் அனுப்பினார். ஸ்ரீபெரும்புதூர் படிவத்தைச் சரிபார்க்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. ஓசூரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அதிகாரம் இல்லை. இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். "டீ குடிப்போம்" என்றார்.

அந்த நாள் வந்தது. கோபிநாத் நல்ல பையனாகத்தான் இருந்தார். டை, கால்குலேட்டர், எதிரில் வயதானவர் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம். டைம் ஆபீசில் அவர் உட்கார்ந்திருந்தார். வேதாசலம் மின்சாரம் பாய்ந்தவர் மாதிரி நின்றார். சங்கத்தின் சார்பில் ஸ்டெல்லாவும் வந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே டீ நேரத்துக்கு வந்த கூட்டம், டம்ளரும் கையுமாக நின்றுகொண்டு, உள்ளே பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

ஞானப்பிரகாசம் சார் வழக்கம்போல் கேன்டீன் வழியாக வந்து உட்கார்ந்தார்.

"உங்க படிவத்துல ஆள் இருநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு. பாய்லர்லயும் அதேதான் சொல்லுதான். ஒத்துக்கிடுதீங்களா?"

"ஒத்துக்கறேன் சார்" என்றார் கோபிநாத். "பிரச்சினையே அதுதான். இங்கே ஆள் ரொம்ப ஜாஸ்தி. எங்க ஓசூர் யூனிட்ல வெறும் நூறு பேர்—"

"ஓசூரைப் பத்தி நான் கேக்கக் கூடாது தம்பி. சட்டம்."

"நீங்க கேக்கல சார், நானே சொல்றேன். நூறு பேர் ஆயிரம் மோட்டார் பண்றாங்க."

"கேக்கக் கூடாதுன்னுதான் சட்டம். சொன்னா காதைப் பொத்திக்கிடணும்னு சட்டம் இல்ல. சொல்லுங்க."

கோபிநாத் உற்சாகமாகச் சொன்னார். ஓசூரில் தோட்டம் வேறு ஏஜென்சி. லோடிங் வேறு கான்ட்ராக்டர். பேக்கிங் இன்னொரு கான்ட்ராக்டர். அதனால் நிர்வாகம் எவ்வளவு சிக்கனமாக இருக்கிறது பாருங்கள் என்று அவர் விளக்க, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த பேக்கிங் பண்றவங்கள்லாம் யாரு சார்?" என்றாள். "பேயா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ டீயைத் துப்பிவிட்டார்கள்.

"அவங்க நம்ம எம்ப்ளாயீஸ் இல்லம்மா."

"நானும் அதையேதான் கேக்கறேன், யாரு?"

ஞானப்பிரகாசம் சார் கையைத் தூக்கி அவளை அமர்த்தினார். "தம்பி, எனக்காக வேண்டாம். உங்களுக்காகவே ஒண்ணு செஞ்சு பாருங்க. ஓசூர் கேன்டீனுக்கு ஒரு போன் போட்டு, இன்னைக்குக் காலையில எத்தனை டீ ஊத்தினான்னு கேளுங்க. என்கிட்ட சொல்ல வேண்டாம். நான் கேக்கவும் கூடாது."

கோபிநாத் சிரித்தார். நூறுதான் இருக்கப் போகிறது என்ற நம்பிக்கையில் போனைச் சுழற்றினார். அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பேசுகிறேன் என்று போனில் சொன்னால், மறுமுனை ஒரு கணம் பேசாமல் இருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனம் போன பிறகுதான் விஷயம் ஆரம்பிக்கும். அன்றும் அப்படித்தான்.

ஆனால் லைன் கரகரவென்றது. நம் நாட்டுத் தொலைபேசித் துறைக்கு நான் நன்றி சொன்ன ஒரே சந்தர்ப்பம் அது. ரகசியமாகப் பேசவேண்டியதை கோபிநாத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

"கேன்டீனா? நான் ஹெட் ஆபீஸ் கோபிநாத்! கோ-பி-நாத்! காலையில எத்தனை டீ?... டீ! டீ!... என்ன?"

முகம் சற்றே மாறியது.

"எந்த டீயா? டீன்னா டீதான்யா, அதுல என்ன எந்த டீ?... கப்பா?... டம்ளரா?... கப் டீ யாருக்கு?... சரி, டம்ளர் டீ யாருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே ஒருவரும் குடிக்கவில்லை. ஸ்டெல்லா தன் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டையும் சொல்லு! கப் நூறு... சரி... டம்ளர்? கேக்கல!... நூத்தி அம்பதா? நூத்தி அம்பது டம்ளரா?"

போனை வைத்தார். ஞானப்பிரகாசம் சார் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் அன்றைக்கு முகூர்த்தம் ஏதும் இருக்கிறதா என்று தேடுகிறவர் போல.

கோபிநாத் கால்குலேட்டரை எடுத்தார். ஆயிரத்தை இருநூற்று ஐம்பதால் வகுக்கக் கால்குலேட்டர் தேவையில்லை. ஆனால் சில நேரம் மனுஷனுக்குக் கையில் ஏதாவது வேண்டியிருக்கிறது. ஆளுக்கு நான்கு. ஸ்ரீபெரும்புதூரில் ஐந்து.

"டீக்காரன் கூட்டிச் சொல்லியிருப்பான்" என்றார் கடைசி முயற்சியாக.

"இருக்கும்" என்றார் ஞானப்பிரகாசம் சார். "கொஞ்சம் கூட்டுவான். பாதிக்கு மேல கூட்டினா உங்க ஓசூர் மேனேஜர் சும்மா விட்டிருக்க மாட்டாரு. நீங்கதான் அவரு சிக்கனக்காரருன்னு சொன்னீங்க."

பிறகு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். அதுதான் அவர் பாணி. பெரிய கேள்வியை எப்போதும் நிலைப்படியில்தான் கேட்பார்.

"கேக்கக் கூடாது, இருந்தாலும் இங்கேயுள்ள வேலையைப் பத்திக் கேக்குத மாதிரி கேக்கேன். இந்தப் புள்ளைங்க இங்க கம்பியை வாங்கிக் காயில் சுத்துதுங்க. மோட்டார்ல பெரிய வேலையே அதுதான்னு சொல்லுதாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தானா?"

கோபிநாத் கால்குலேட்டரை மேஜைமேல் வைத்தார். "ஓசூர்ல காயில் ரெடிமேடா வெளியே வாங்கறோம் சார்."

"ஓ" என்றார் ஞானப்பிரகாசம் சார். "அப்ப அதைச் சுத்துதவங்களுக்கு அங்க கப்பும் இல்ல, டம்ளரும் இல்ல."

ஸ்டெல்லாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "சார், அவுங்க காயிலும் வாங்கி, எங்களவிட ஆளும் ஜாஸ்தி வெச்சிக்கினு, எங்களவிட கம்மியா மோட்டாரு பண்ணிக்கினு கீறாங்க. நாங்க சோம்பேறி?" என்றாள். வெளியே கூட்டம் ஆரவாரம் செய்தது. வேதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்துவிட்டது என்றார். டைம் ஆபீசில் அன்று தூசி அதிகம்தான். எனக்கும் விழுந்தது.

இந்த இடத்தில் கோபிநாத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் காகிதத்தை மூடிக்கொண்டு காரில் ஏறியிருப்பார். அவர் டையைத் தளர்த்திவிட்டு, "சார், உங்க படிவத்துல 'ஆள்'னா யாருன்னு எழுதியிருக்கிற பக்கத்தை எனக்குக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். ஞானப்பிரகாசம் சார் திரும்பி வந்து உட்கார்ந்தார். இருவரும் மத்தியானம்வரை அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்தார்கள். என் உத்தியோக காலத்தில் அந்தப் பக்கத்தை ஒருவர் விரும்பிப் படித்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

தீபாவளிக்கு முன்பே ஹெட் ஆபீசிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. எந்த யூனிட்டையும் மூடவில்லை. ஓசூருக்கான காயிலையும் இனி ஸ்ரீபெரும்புதூரிலேயே சுற்றி அனுப்புவது, அதற்குக் காயில் செக்ஷனைப் பெரிதாக்குவது. ஓசூரில் டம்ளர் டீ குடித்தவர்களையும் மாத அறிக்கையில் சேர்த்து எழுதுவது. எண்ணிவிட்டதால் ஒருவருடைய வாழ்க்கை மாறிவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் எண்ணப்படாதவருக்காக எந்த ஹெட் ஆபீசும் யோசிப்பதில்லை. அதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உத்தரவு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த வாரத்தில், சரிபார்ப்பை முடித்துக் கையெழுத்து வாங்க நாங்கள் இருவரும் அங்கே போனோம். வழக்கம்போல் டீ நேரம். கேன்டீனில் எங்கள் இருவர் கையிலும் டம்ளரைத் திணித்தார்கள். பாய்லர்காரர் சத்தமாக, "இன்னிக்கு எரநூத்தி நாப்பத்திரெண்டு!" என்றார்.

ஞானப்பிரகாசம் சாருக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு விஷயத்தில் அவருக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றுதான். "வேதாசலம், ரெண்டு கழிச்சிடும். நாங்க ரெண்டு பேரும் இங்க ஒண்ணும் உற்பத்தி பண்ணலை. எங்களைச் சேத்தா உங்க ஆள்வீதம் குறையும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வாழ்க்கை முழுக்க ஒரு திருகாணிகூடச் செய்யாதவன் நான். டம்ளரைக் கீழே வைக்கப் போனேன்.

ஸ்டெல்லா காயில் செக்ஷனிலிருந்து, கையில் கம்பி முனையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, கழிக்காத" என்றாள் வேதாசலத்திடம். "எரநூத்தி நாப்பத்திரெண்டுதான். எழுதிக்க. இந்த வருசம் இவங்களும்தான் வேலை செஞ்சாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னா சார் பாத்துக்கினு நிக்கறீங்க? டீ ஆறுது, குடிங்க. குடிச்சிட்டு ஊர் சுத்தப் போங்க."

குடித்தேன்.